பழைய பிரிட்டிஷ் கேம் ஷோக்களைக் கூடத்தில் ஆட: விதி, சாமான், கேள்விக் கணக்கு

நாழிகை:

ஒரு மாலை முழுக்கப் பழைய பிரிட்டிஷ் டிவி கேம் ஷோக்களை ஆடிப் பார்ப்பதாகத் திட்டம். மொத்தம் 12 பேர். பாதிப் பேர் இங்கிலாந்தில் வளர்ந்தவர்கள். "கேன் ஐ ஹேவ் அ பீ ப்ளீஸ், பாப்" (பிளாக்பஸ்டர்ஸ் நிகழ்ச்சியில் எழுத்துக் கேட்கும் வாசகம்) என்று யாராவது ஆரம்பித்தாலே சிரித்துவிடுவார்கள். மற்றவர்களுக்கு 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி' பாணி தெரியும், அதற்கு முந்தைய எதுவும் தெரியாது. 6 மீட்டருக்கு 4 மீட்டர் கூடம், 3 மணி நேரம், பெரிய திரை கிடையாது.

எந்த நிகழ்ச்சி வீட்டுக்குச் சரிப்படும், எது சரிப்படாது? அசல் விதி என்ன? எத்தனை கேள்வி எழுதி வைக்க வேண்டும்? பஸ்ஸர் வாங்குவதா, செய்வதா? "ஜாலியா ஏதாவது பண்ணுங்க" வகைப் பதில் வேண்டாம். எண்ணிக்கையோடு சொன்னால் உபயோகம்.

ஒன்பதெழுத்து:

கவுண்டவுனில் (எழுத்துகளிலிருந்து சொல்லும் எண்களிலிருந்து கணக்கும் கண்டுபிடிக்கும் ஆட்டம்) ஆரம்பியுங்கள். டிவியில் ஆடியவர்கள் இரண்டே பேர்தான், ஆனால் இதை 12 பேரும் ஒரே நேரத்தில் ஆட முடியும். ஆளுக்கொரு தாள், பேனா போதும். யாரும் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

பிரெஞ்சு நிகழ்ச்சியிலிருந்து எடுத்த ஆட்டம் இது. 1982 நவம்பர் 2 அன்று சேனல் 4 பிறந்தபோது அதில் ஓடிய முதல் நிகழ்ச்சியே இதுதான். லீட்ஸில் யார்க்‌ஷயர் டெலிவிஷன் தயாரித்தது. 2005இல் இறக்கும்வரை ரிச்சர்ட் வைட்லி நடத்தினார். எண் பலகை 2008 வரை கரோல் வார்டர்மன் கையில். 2001 வரை ஒரு ஆட்டத்துக்கு 9 சுற்று: எழுத்து 6, எண் 2, கடைசியில் கனண்ட்ரம் (கலைத்துக் கொடுத்த ஒன்பது எழுத்தை ஒரே சொல்லாக்கும் புதிர்) 1. அதன் பிறகுதான் 15 சுற்றாக நீட்டினார்கள். பழைய சுவை வேண்டுமென்றால் 9ஐத் தாண்டாதீர்கள். அரை மணியில் முடியும்.

எழுத்துச் சுற்று: ஒருவர் "மெய்", "உயிர்" என்று ஒவ்வொன்றாகக் கேட்டு 9 எழுத்து எடுப்பார். குறைந்தது 3 உயிர், 4 மெய் இருக்க வேண்டும். பிறகு 30 விநாடி. கிடைத்த சொல்லில் எத்தனை எழுத்தோ அத்தனை புள்ளி. ஒன்பதையும் பயன்படுத்தினால் மட்டும் இரட்டிப்பாக 18. நீளமான சொல்லுக்கு மட்டும்தான் புள்ளி, சமமானால் இருவருக்கும் உண்டு. பெயர்ச்சொற்களில் ஆள், ஊர்ப் பெயர்கள் கூடாது. சொற்சுருக்கமும் நடுவில் கோடு போட்ட சொல்லும் கூடாது.

எழுத்து வில்லைகள் தனியாகச் செய்ய வேண்டாம். ஆங்கில ஸ்க்ராபிள் பெட்டி ஒன்று போதும். 100 வில்லையில் வெற்று வில்லை 2ஐ எடுத்துவிட்டால் உயிர் 42 (ஏ 9, ஈ 12, ஐ 9, ஓ 8, யு 4), மெய் 56. இரண்டையும் தனித்தனியாகக் கலைத்துக் கவிழ்த்து அடுக்குங்கள். 6 சுற்றுக்கு 54 வில்லைதான் செலவாகும், அதனால் எடுத்ததைத் திரும்ப அடுக்கில் போட வேண்டாம். போட்டுக் கலைத்துக்கொண்டிருந்தால் சுற்றுக்கு ஒரு நிமிடம் வீண்.

பெரிய கூட்டத்தில் கெடுவது இங்கேதான்: பக்கத்தில் இருப்பவர் "எனக்கு ஏழு" என்றதும் இன்னொருவருக்குத் திடீரென்று எட்டெழுத்துச் சொல் "கிடைத்துவிடும்". மணி அடித்ததும் எல்லாரும் பேனாவைக் கீழே வைக்க வேண்டும். முதலில் எண்ணிக்கையை மட்டும் வரிசையாகச் சொல்ல வேண்டும், பிறகுதான் சொல். அகராதி ஒருவர் கையில் மட்டும். அவர் ஆடக் கூடாது.

எண் சுற்று: 24 அட்டை வெட்டுங்கள். 1 முதல் 10 வரை ஒவ்வொன்றும் இரண்டு, ஆக 20 சிறியவை. 25, 50, 75, 100 தலா ஒன்று, ஆக 4 பெரியவை. எத்தனை பெரியவை வேண்டும் என்று சொல்லி ஆறு அட்டை எடுப்பார்கள். இலக்கு 100 முதல் 999க்குள் ஓர் எண். டிவியில் அதைக் கொடுத்த கணினிக்கு செசில் என்று செல்லப்பெயர். உங்களுக்குப் பத்துமுகப் பகடை மூன்று போதும், நூறாம் இடத்தில் பூச்சியம் விழுந்தால் அதை மட்டும் மறுபடி உருட்டுங்கள். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் மட்டும். ஒவ்வோர் அட்டையும் ஒருமுறைதான். ஆறையும் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்பதில்லை. கணக்கின் எந்தப் படியிலும் பின்னம் வரக் கூடாது. சரியான விடைக்கு 10, 5க்குள் நெருங்கினால் 7, 10க்குள் என்றால் 5. மிக நெருங்கியவருக்குத்தான் புள்ளி.

ரசிகர்கள் இன்றும் பேசுகிற கணக்கு ஒன்று உண்டு: 25, 50, 75, 100, 3, 6. இலக்கு 952. 1997இல் போட்டியாளர் போட்ட வழி: 100 + 6 = 106, பெருக்கல் 3 = 318, பெருக்கல் 75 = 23,850, கழித்தல் 50 = 23,800, வகுத்தல் 25 = 952. வார்டர்மனே அசந்துபோனார். 103 பெருக்கல் 6 பெருக்கல் 75, அதை 50ஆல் வகுத்தால் 927, கூட்டல் 25 என்றும் வரும். கூட்டத்தைச் சூடேற்ற இதை முதல் கணக்காகக் கொடுங்கள். யாரும் போடவில்லை என்றால் வெட்கமில்லை.

"ஆறும் சிறியவை" என்று ஒருவர் கேட்டால் தடுக்காதீர்கள், ஆனால் ஒன்று தெரிந்திருக்கட்டும். 1, 1, 2, 2, 3, 3 என்று விழுந்தால் அதில் எட்டக்கூடிய உச்சமே 81. இலக்கு 100 என்றாலும் யாருக்கும் புள்ளி கிடையாது. கணக்குத் தப்பவில்லை, அட்டைதான் அப்படி.

அறுகோணம்:

கவுண்டவுன் நல்ல தொடக்கம், ஆனால் அது பரீட்சை மாதிரி அமைதியாகத்தான் இருக்கும். சத்தம் வேண்டுமென்றால் பிளாக்பஸ்டர்ஸ். உங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் அதற்காகத்தான் வருகிறார்கள் போலிருக்கிறது.

அமெரிக்க ஆட்டம்தான். பிரிட்டனில் 1983 முதல் 1993 வரை ஐடிவியில் பாப் ஹோல்னஸ் நடத்தினார். ஆடியவர்கள் பள்ளி மேல்வகுப்பு மாணவர்கள். 20 அறுகோணங்கள், 5 நிரல், நிரலுக்கு 4. ஒவ்வொன்றிலும் ஓர் ஆங்கில எழுத்து. ஒரு பக்கம் தனி ஆள், வெள்ளை. எதிரில் இருவர் அணி, நீலம். வெள்ளை மேலிருந்து கீழே போக வேண்டும், குறைந்தது 4 கட்டம். நீலம் இடமிருந்து வலம், குறைந்தது 5. இரண்டு மூளைக்கு ஒரு கட்டம் அபராதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். திசையை மாற்றி வைத்துவிட்டால் தனி ஆள் பாடு திண்டாட்டம். வீட்டில் ஆடுகிறவர்கள் செய்யும் முதல் தப்பு அதுதான்.

ஒருவர் எழுத்தைக் கேட்பார். "பி-யில் தொடங்கும் எந்தப் பறவை..." என்று கேள்வி வரும். இரு தரப்பும் பஸ்ஸர் அடிக்கலாம். சரியாகச் சொன்னவருக்கு அந்தக் கட்டம், அடுத்த எழுத்தைக் கேட்கும் உரிமையும் அவருக்கே. ஒருவர் தப்பினால் கேள்வியை முழுதாக வாசித்து மறுதரப்புக்கு வாய்ப்பு. இருவரும் தப்பினால் அதே எழுத்தில் வேறு கேள்வி. கட்டம் காலியாக நிற்கவே கூடாது, இதை விட்டுவிடாதீர்கள். அறுகோணப் பலகையில் எல்லாக் கட்டமும் நிரம்பினால் யாராவது ஒருவர் பாதை முடிந்தே இருக்கும், சமநிலை என்பதே சாத்தியமில்லை. நாலு மூலை ஒரே புள்ளியில் சந்திக்கும் சதுரப் பலகையில் அந்த உறுதி கிடையாது. அதனால் "வெட்டச் சுலபம்" என்று சதுரமாக வெட்டிவிடாதீர்கள்.

பலகை: பக்கம் 8 செ.மீ. உள்ள அறுகோணம் 16 செ.மீ. அகலம், கிட்டத்தட்ட 13.9 செ.மீ. உயரம் வரும். ஏ4 அட்டை ஒன்றில் இரண்டு சரியாக அடங்கும், ஆக எழுத்துக்கு 10 அட்டை. தட்டைப் பக்கம் மேலும் கீழும் இருக்கும்படி வைத்து, ஒன்றுவிட்ட நிரலை அரைக் கட்டம் கீழிறக்கி ஒட்டினால் மொத்தம் 64 செ.மீ. அகலம், 62.5 செ.மீ. உயரம். 70க்கு 70 தெர்மாகோல் போதும். மூடுவதற்கு ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் வெள்ளை உள்ள துண்டு 20 வெட்டுங்கள். தனித்தனி நிறமாக வெட்டினால் 40 வேண்டும், அவசரத்தில் கலந்துவிடும். குண்டூசி போதும். இரட்டைப்பக்க டேப் போட்டால் எழுத்தட்டையைப் பிய்த்துக்கொண்டு வரும்.

எக்ஸ், இசட், க்யூ மூன்றையும் விட்டுவிடுங்கள், கேள்வி வறண்டுவிடும். மீதி 23 எழுத்தில் ஆட்டத்துக்கு 20 எடுங்கள். உங்கள் 12 பேர் மூன்று மூன்றாக நான்கு ஆட்டம். டிவியில் மூன்றில் இரண்டு வென்றவர் ஜெயித்தார், உங்களுக்கு நேரமில்லை, ஒற்றை ஆட்டமாக முடியுங்கள். எழுத்துக்கு 6 கேள்வி, மொத்தம் 138. அதிகமாகத் தெரியும். ஆனால் ஓர் ஆட்டத்தில் கட்டம் 10இலிருந்து 14 வரை நிரம்பும், இருவரும் தப்பும் கேள்வி வேறு சாப்பிடும், ஒரே எழுத்து நான்கு ஆட்டத்திலும் வரும்.

கோல்ட் ரன்: வென்றவர் தனியாக 60 விநாடியில் இடமிருந்து வலம் கடக்க வேண்டும். இப்போது கட்டங்களில் ஒற்றை எழுத்துக்குப் பதில் விடையின் தலையெழுத்துகள். சரியானால் தங்கம், தப்பினாலோ விட்டாலோ கறுப்பு, அந்த வழி அடைபடும். தலையெழுத்து 2 முதல் 4 வரை போதும். ஐந்தெழுத்து விடையைச் சொல்லி முடிப்பதற்குள் நேரம் போய்விடும். கேள்வி 10 சொல்லுக்கு மேல் போனாலும் அதே கதி. நேரத்தைத் தின்பது வாசிப்பவர்தான், ஆடுபவர் இல்லை.

நாழிகை:

அளவுகளுக்கு நன்றி. பிளாக்பஸ்டர்ஸ் உறுதி. அப்படியானால் பஸ்ஸர் வேண்டும். போன் ஆப் வைத்துச் சமாளிக்கலாமா? இரண்டு பேர் ஒரே நேரத்தில் அடித்தால் யார் முதல் என்று எப்படித் தெரியும்? கவுண்டவுனைத் தமிழில் ஆட வழி உண்டா என்றும் சிலர் கேட்கிறார்கள்.

ஈயப்பற்று:

போன் ஆப் வேணாங்க. ஒவ்வொரு போனும் வைஃபைல ஒவ்வொரு தாமதத்துல பேசும். நல்லா அடிச்சவன் தோத்துருவான், அப்புறம் சண்டை. கம்பி போட்ட பஸ்ஸர் செய்யுங்க, ஒரு சாயங்கால வேலை.

சாமான்: ஆர்டுயினோ நானோ (ப்ரோகிராம் ஏத்துற சின்ன போர்டு) 1, பெரிய ஆர்கேட் பட்டன் 3, சின்ன ரீசெட் பட்டன் 1, எல்இடி 3, 220 ஓம் ரெசிஸ்டர் 3, 1 கிலோ ஓம் 4, பிசி547 டிரான்சிஸ்டர் 1, 5 வோல்ட் பஸ்ஸர் 1, 1என்4148 டையோடு 1, இரட்டைக் கம்பி 12 மீட்டர் (பட்டனுக்கு 4 மீட்டர்), பழைய போன் சார்ஜர். பிளாக்பஸ்டர்ஸ்ல தனி ஆளுக்கு ஒண்ணு, அணிக்கு ரெண்டு. மூணே போதும்.

பட்டனோட ஒரு முனை கிரவுண்டுக்கு, இன்னொண்ணு போர்டுல டி2, டி3, டி4 பின்னுக்கு. ரீசெட் டி5. டி0, டி1 கம்ப்யூட்டரோட பேசுற சீரியல் லைனுக்கு உள்ளது, டி13ல போர்டு எல்இடி இருக்கு, இந்த மூணையும் பட்டனுக்குத் தொடாதீங்க. எல்இடிக்கு டி6, டி7, டி8, ஒவ்வொண்ணுக்கும் 220 ஓம். சத்தத்துக்கு டி9லேருந்து 1 கிலோ ஓம் வழியா டிரான்சிஸ்டர் பேஸ், எமிட்டர் கிரவுண்ட், கலெக்டர்ல பஸ்ஸரோட நெகட்டிவ், பாசிட்டிவ் 5 வோல்ட்டுக்கு. டையோடு பஸ்ஸர் மேல தலைகீழா. பஸ்ஸரை நேரா பின்ல மாட்டினா பின்னுக்குப் பாரம்.

மீதி மூணு 1 கிலோ ஓம் பட்டன் பின்லேருந்து 5 வோல்ட்டுக்கு. போர்டு உள்ளே இருக்கிற புல்-அப் (பட்டனைத் தொடாதப்போ பின்னை 5 வோல்ட்டுல பிடிச்சு வைக்கிற ரெசிஸ்டர்) 20லேருந்து 50 கிலோ ஓம். 4 மீட்டர் கம்பிக்கு அது பத்தாது. டியூப்லைட் சுவிட்ச் போட்டாலே யாரும் தொடாம பஸ்ஸர் கத்தும். நிறைய பேர் "ப்ரோகிராம் கோடு தப்பு"ன்னு நினைச்சு மாத்தி மாத்தி எழுதறது இதனாலதான்.

கோடு வரிசை: மூணு பின்னையும் படி, எது முதல்ல லோ (பூச்சிய வோல்ட்) ஆச்சோ அதோட எல்இடியை ஏத்து, அரை விநாடி ஒலி, மத்ததைப் பூட்டு, ரீசெட்டுக்குக் காத்திரு. ரெண்டு பேர் ஒரே நேரம்னு கவலை வேணாம். ஒரு பின்னைப் படிக்க சில மைக்ரோ விநாடி, கை வித்தியாசம் மில்லி விநாடிக் கணக்கு. படிக்கிற லூப்புக்குள்ள டிலே (காத்திருக்கச் சொல்ற வரி) மட்டும் போடாதீங்க, போட்டா அந்த நியாயம் போச்சு.

இன்னொரு பொறி: ரீசெட் அழுத்தும்போது ஒருத்தர் பட்டனை விடாம அமுக்கிட்டே இருந்தா அடுத்த கேள்வி ஆரம்பிக்கு முன்னாடியே அவர் பெயர்ல பூட்டிக்கும். அதனால ரீசெட்டுக்கு அப்புறம் மூணு பட்டனும் விடுபட்டாச்சான்னு பாத்துட்டுத்தான் திறக்கணும்.

மூவுயிர்:

மூன்று பஸ்ஸர் செய்துவிட்டால் ஃபிஃப்டீன் டு ஒன்னும் கைக்கு வந்துவிட்டது. சேனல் 4, 1988 முதல் 2003 வரை, வில்லியம் ஜி. ஸ்டூவர்ட். வினாடி வினாக்களில் இதைப்போல வெட்டுக்குத்து வேறு இல்லை என்பது என் கட்சி. சிரிப்பு, பேட்டி, அலங்காரம் எதுவும் கிடையாது. கேள்விதான்.

டிவியில் 15 பேர் அரைவட்டமாக நிற்பார்கள், ஆளுக்கு 3 உயிர். முதல் சுற்றில் ஆளுக்கு 2 கேள்வி. ஒன்றாவது சரியாக இருக்க வேண்டும், இரண்டும் தப்பினால் வெளியே. ஒன்று தப்பினால் ஓர் உயிர் போகும். இரண்டாம் சுற்றில் சரியாகச் சொன்னவர் அடுத்துக் கேள்வி யாருக்கு என்று கைகாட்டுவார். அவர் தப்பினால் அவருக்கு ஓர் உயிர் போகும், கைகாட்டும் உரிமை பழையவரிடமே. அவர் சரியாகச் சொன்னால் உரிமை அவருக்கு. மூன்று பேர் மிஞ்சும்வரை இப்படியே. மூன்றாம் சுற்றில் மூவருக்கும் மறுபடி 3 உயிர், அதிகபட்சம் 40 கேள்வி, சரிக்கு 10 புள்ளி. முதலில் பஸ்ஸர். யாராவது மூன்று சரி சொன்னதும் பஸ்ஸர் ஓய்ந்துவிடும். அதன் பிறகு சரியாகச் சொன்னவர் அடுத்த கேள்வியைத் தானே எடுக்கலாம், அல்லது கைகாட்டலாம்.

12 பேருக்குக் கேள்விக் கணக்கு: முதல் சுற்று 24. அதில் சிலருக்கு ஓர் உயிர் போயிருக்கும், சராசரி இரண்டரை என்று வையுங்கள். இரண்டாம் சுற்றில் 9 பேரை வெளியேற்ற 22 தப்பாவது விழ வேண்டும். பாதி சரி, பாதி தப்பு என்றால் 45 கேள்வி. கூட்டம் கெட்டிக்காரக் கூட்டமானால் 60 தாண்டும். மூன்றாம் சுற்று 40. ஆக 130 எழுதி வையுங்கள். இரண்டாம் சுற்றுக் கேள்விகள் முதல் சுற்றைவிடக் கொஞ்சம் கடினமாக இருக்கட்டும். எளிதாக இருந்தால் யாரும் சாக மாட்டார்கள், ஆட்டம் இழுத்துக்கொண்டே போகும்.

இதை நடுவில் வைக்காதீர்கள், கடைசி ஆட்டமாக வையுங்கள். வெளியேறியவர் அரை மணி சும்மா இருக்க நேரும். ஒருவருக்குப் புள்ளிப் பலகை, ஒருவருக்கு உயிர்க் கணக்கு என்று கொடுத்துவிடுங்கள். உயிருக்கு ஆள் முன்னால் மூன்று டம்ளர் கவிழ்த்து வைத்தால் போதும், போகும்போது ஒன்றை எடுத்துவிடலாம். இன்னொன்று: கைகாட்டும்போது எல்லாரும் ஒரே ஆளையே குறிவைப்பார்கள். அது விதிப்படி சரிதான், ஆட்டத்தின் ருசியே அது. ஆனால் பதினைந்து வயசுக்குக் கீழே யாராவது இருந்தால் இந்த ஆட்டத்தையே எடுக்காதீர்கள்.

ஒன்பதெழுத்து:

தமிழ்க் கவுண்டவுன் பற்றி. 247 எழுத்தையும் வில்லையாக்கினால் உருப்படாது. உயிர்மெய்யைப் பிரித்துவிடுங்கள். 12 உயிர், 18 மெய் மட்டும் வில்லை. 'மு' என்பது ம், உ. 'முயற்சி' என்றால் ம், உ, ய், அ, ற், ச், இ: ஏழு. 'கடற்கரை' என்றால் க், அ, ட், அ, ற், க், அ, ர், ஐ: ஒன்பது, நேராக 18 புள்ளி. "மெய் ஒன்று, உயிர் ஒன்று" என்று கேட்கிற விதி ஆங்கிலத்தைவிடத் தமிழுக்கே அழகாகப் பொருந்துகிறது.

உயிரில் 'அ' நிறைய வேண்டும். 40 உயிர் வில்லை செய்தால் அ 12, இ 6, உ 7, ஆ 5, மீதி பத்தை மற்ற எட்டுக்கும் பகிருங்கள், ஔவுக்கு ஒன்றே அதிகம். மெய் 60. க், த், ப், ட், ர், ல், ம், ன் தலா 5, மற்ற பத்துக்கும் தலா 2. ங், ஞ் இரண்டும் கையைக் கடிக்கும், ஆனால் எடுத்துவிட்டால் 'சங்கு', 'மஞ்சள்' எல்லாம் போய்விடும். இது என் பகிர்வு, ஆடிப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

ஒட்டுகளைத் தடை செய்வதுதான் முக்கியம். ஆங்கிலத்தில் பன்மை எல்லாம் செல்லும். தமிழில் அதை அனுமதித்தால் கடலை, கடலில், கடலிலும் என்று வாலை நீட்டியே ஜெயிப்பார்கள். அகராதியில் தலைச்சொல்லாக இருந்தால் மட்டும் செல்லும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். 'கடலை' வேர்க்கடலையாக உள்ளே வரும், அதை மறுக்க முடியாது.

பன்னிரண்டாம் பெட்டி:

ஒரு ஆட்டத்துக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் போட இரண்டு சின்ன உருப்படி. இரண்டுக்கும் செலவு பத்துப் பைசா இல்லை.

டேக் யுவர் பிக், ஐடிவி பிறந்த 1955இல் வந்தது, நடத்தியவர் மைக்கேல் மைல்ஸ். அதில் வந்த 'எஸ்-நோ' பகுதி: 60 விநாடி கேள்வி மழை, "எஸ்", "நோ" இரண்டும் வாயில் வரக் கூடாது, தலையாட்டவும் கூடாது. வந்தால் பக்கத்தில் நிற்பவர் தாம்பாள மணியை அடிப்பார். நடத்துபவர் பதிலையே திரும்பச் சொல்லி "அப்படியா?" என்று உடனே கேட்க வேண்டும், பாதிப் பேர் அதில்தான் விழுவார்கள். தமிழில் ஆடினால் "ஆமா", "இல்ல" இரண்டோடு "ம்"மையும் தடை செய்யுங்கள். இல்லாவிட்டால் ஒருவரும் தோற்க மாட்டார்கள். மணிக்கு எவர்சில்வர் தட்டும் கரண்டியும்.

ஜெனரேஷன் கேம், 1971, பிபிசி, புரூஸ் ஃபோர்சைத். கடைசியில் பரிசுகள் ஓடும் பட்டையில் போகும், பிறகு 45 விநாடிக்குள் ஞாபகத்திலிருந்து சொல்லச் சொல்ல அத்தனையும் அவருக்கு. மோட்டார் எல்லாம் வேண்டாம். 2 மீட்டர் மேசை, அதன்மேல் 4 மீட்டர் துணி, ஒருவர் ஒரு முனையிலிருந்து இழுக்க, இன்னொருவர் மறுமுனையில் சாமான் வைக்க. 16 சாமான், ஒவ்வொன்றும் 3 விநாடி கண்ணில் படட்டும். உயரமான பாட்டில் வைத்தால் இழுக்கும்போது சாயும். பஞ்சு பொம்மை ஒன்று கட்டாயம். அது இல்லாமல் இது அந்த நிகழ்ச்சியே இல்லை.

டார்ட்ஸ் அம்பு எறியும் புல்ஸ்ஐயை யாரும் சொல்லவில்லையே! 1981 முதல் 1995 வரை, ஜிம் போவன். கடைசிச் சூதாட்டம் மட்டும் எடுங்கள்: ஜோடிக்கு 6 அம்பு, முதல் மூன்றை ஆடத் தெரியாதவர் எறிய வேண்டும், மொத்தம் 101 எடுத்தால் திரைக்குப் பின்னால் உள்ள பரிசு. எடுக்காவிட்டால் அதுவரை வென்ற பரிசுப் பொருள்களும் போச்சு, "என்ன கிடைத்திருக்கும் பாருங்கள்" என்று மோட்டார் படகைக் காட்டி வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்வார்கள். பலகையில் உள்ள 1 முதல் 20 வரை எண்களின் சராசரி பத்தரை. கண்ணை மூடி எறிந்தது போல மூன்றம்பு என்றால் 31, 32. மற்றவர் மூன்றில் 70 எடுக்க வேண்டும். நன்றாக ஆடுபவருக்கு இது எட்டும், எல்லாருக்கும் எட்டாது. அந்த 101ஐத் தேர்ந்தவர் கணக்குத் தெரிந்தவர்.

எறிகோடு பலகை முகத்திலிருந்து 2.37 மீட்டர், பலகை மையம் தரையிலிருந்து 1.73 மீட்டர். 12 பேர் உள்ள கூடத்தில் இரும்பு முனை வேண்டாம், காந்தப் பலகை வாங்குங்கள். அசல் பலகை 45.1 செ.மீ. விட்டம். காந்தப் பலகை 36 செ.மீ. என்றால் கோட்டையும் அதே விகிதத்தில் 1.89 மீட்டருக்குக் கொண்டுவாருங்கள். தெரியாதவர்கள் 20ஐக் குறிவைப்பது நஷ்டம், இரு பக்கமும் 5, 1. மூன்றின் சராசரி 8.67தான். இடது கீழே 19, 7, 16 பக்கம் எறியச் சொல்லுங்கள், சராசரி 14.

அறுகோணம்:

கிரிஸ்டல் மேஸ் பற்றி யாராவது கேட்பதற்குள்: வேண்டாம். அணி முந்தைய ஆட்டங்களில் வென்ற ஒவ்வொரு ஸ்படிகத்துக்கும் 5 விநாடி, கோபுரத்துக்குள் பறக்கும் தங்கத் தாளைப் பிடித்துத் துளையில் போட வேண்டும், வெள்ளித் தாளைக் கழித்து 100 தேற வேண்டும். கேட்க எளிது. ஆனால் மூடிய குவிமாடமும் கீழிருந்து வீசும் காற்றும் இல்லாமல் தாள் பறக்காது. மேசை விசிறி வைத்தால் எல்லாம் ஒரு மூலையில் போய்க் குவியும், உள்ளே இருப்பவர் குனிந்து அள்ளுவார். பெருக்குவது மட்டும்தான் மிச்சம்.

மூவுயிர் சொன்ன வரிசைக்கு ஒரு திருத்தம். ஃபிஃப்டீன் டு ஒன் கடைசி என்பது சரி, ஆனால் பிளாக்பஸ்டர்ஸை அதற்கு நேர் முன்னால் வைக்காதீர்கள். நான்கு ஆட்டமும் வாசிப்பவர் குரலைத் தின்றுவிடும். நடுவில் அம்பு எறிதல் வரட்டும், அதற்குள் வேறொருவர் கேள்வி அட்டையைக் கையில் எடுத்துக்கொள்ளலாம்.

நாழிகை:

சரி. சதுரம் வெட்டத்தான் இருந்தேன், தப்பித்தேன். ஈயப்பற்று, எல்இடி மூன்றும் ஒரே நிறமாக இருக்கலாமா?

ஈயப்பற்று:

வேணாம். வெள்ளைக்கு வெள்ளை, அணிக்கு ரெண்டும் நீலம். நீலம், வெள்ளை எல்இடிக்கு வோல்ட் கொஞ்சம் கூட வேணும், 220 ஓமே போதும், சிவப்பைவிட மங்கலா எரிஞ்சா 150 போடுங்க. ஆட்டத்துக்கு முன்னாடி மூணு பட்டனையும் இருபது தடவை அடிச்சுப் பாத்துருங்க. பத்தாவது அடில பிடுங்கிட்டு வர்ற கம்பி பட்டன் காலோட ஒட்டுலதான் இருக்கும், அங்க ஒரு முடிச்சுப் போட்டு இழுவையை அதுமேல விடுங்க.